செயற்றிட்டமும் வெளியீடும்

மென்பொருள் ஆக்கம் இன்று பலர் கூடிச் செய்யும் தொழிலாகும். ஒருவர் நிரல் எழுதுவார். ஒருவர் அதனைச் சோதிப்பார். பிறிதொருவர் விளக்கநூல் எழுதுவார். இவர்தம் வேலைகளை ஒழுங்குபடுத்தற்கெனத் திட்டமிடல் மென்பொருள்கள் தோன்றியுள்ளன. அவற்றைக் கையாளப் புகுவோர்க்கு எளிதில் நேரும் மயக்கம் ஒன்றுண்டு. செயற்றிட்டமும் வெளியீடும் ஒன்றே எனக் கொள்வதே அது. அவை வேறுவேறு என்பதையும், அவ்வேறுபாட்டை உணர்தலின் பயனையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2001 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள சினோபேட் என்னுமிடத்தில் 17 பேர் கூடி, "அஜைல்" எனப்படும் நெகிழ்வு முறைக்குரிய பிரகடனத்தை வகுத்தனர். யாவற்றையும் முன்னரே வரையறுத்து, அவ்வரையறையினின்றும் வழுவாது நெடுங்காலம் உழைப்பதினும், இயங்கக்கூடிய மென்பொருளைக் குறுகிய இடைவெளிகளிற் கொடுத்து, மாறும் தேவைக்கேற்பத் திருத்திச் செல்லுதல் நன்று என்பது அவர்தம் கொள்கை. அடுத்த ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் எழுந்த அற்லாசியன் நிறுவனம் "ஜிரா" என்னும் மென்பொருளை வெளியிட்டது. பிழைகளைப் பதிந்து பின்தொடர எழுந்த அக்கருவி, நாளடைவில் நெகிழ்வு முறைத் திட்டமிடலுக்கும் பெரிதும் பயன்படலாயிற்று. அதனையே ஈண்டு உதாரணமாகக் கொள்வோம்.

இத்தகைய கருவிகளில் வழங்கும் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறினும் அடிப்படை மாறுவதில்லை. பயன்படுத்துவோரின் தேவையொன்றைக் கூறும் பணிக்கூறு "கதை" எனப்படும். கதைகள் பல சேர்ந்த பெருநோக்கு "எப்பிக்", அஃதாவது காப்பியம் எனப்படும். காதைகள் காப்பியத்துள் அடங்குமாறு போலக் கதைகள் எப்பிக்கினுள் அடங்க, எப்பிக்குகள் செயற்றிட்டத்துள் அடங்கும். இது பொருள்வழிப் பகுப்பாகும். "இவ்வேலை எதன்பொருட்டு?" என்னும் வினாவுக்கு இது விடை தரும்.

வெளியீடோ காலவழிப் பகுப்பு. "இது மக்கள் கையை எப்பொழுது அடையும்?" என்பதே அதன் வினா. ஜிராவில் ஒவ்வொரு வெளியீடும் பெயரும் நாளும் கொண்ட ஒரு பதிப்பாகப் பதியப்படும். ஒரு பிழை எப்பதிப்பிற் காணப்பட்டது என்பதற்கு ஓரிடமும், எப்பதிப்பில் தீரும் என்பதற்கு வேறோரிடமும் உண்டு. ஒரே திருத்தம் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் ஒருங்கே உரியதாதல் கூடும். ஓர் எப்பிக்கின் கதைகள் இரண்டு மூன்று பதிப்புகளிற் பிரிந்து வெளிவருதலும் கூடும். ஆகவே, வெளியீடு என்பது செயற்றிட்டத்தின் ஒரு கிளையன்று. அதனைக் குறுக்கே ஊடறுத்துச் செல்லும் கோடு எனலாம்.

இதனை உணராதார் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு புதிய செயற்றிட்டம் தொடங்குவர். அதனால் ஒரே பொருளின் பிழை வரலாறு பல இடங்களிற் சிதறிப்போம். சென்ற ஆண்டு தீர்ந்த பிழை இவ்வாண்டு மீண்டும் தோன்றின், அதன் பழைய பதிவைத் தேடிக் காண்டல் அரிதாகும். நிலைத்து நிற்கும் பொருளுக்கு ஒரு செயற்றிட்டமும், அது வெளிப்படும் காலங்களுக்குப் பதிப்புகளும் அமைத்தலே முறை.

இனி, குறித்த நாள் நெருங்கியும் வேலை முடியவில்லையாயின் யாது செய்வது? நாளைத் தள்ளலாம், அல்லது வேலையைக் குறைக்கலாம். இவ்விரண்டுக்கும் லினக்ஸ் இயங்குதளங்களின் வரலாறு நல்ல சான்றாகும். டெபியன் குழுவினர் ஆயத்தமானபோதே வெளியிடும் வழக்கமுடையர். அவர்தம் 3.0 ஆம் பதிப்பு 2002 யூலையிலும், அடுத்த 3.1 ஆம் பதிப்பு 2005 யூனிலும் வந்தன. டெபியனை அடியாகக் கொண்டெழுந்த உபுண்டுவோ ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என நாளை நிலைநிறுத்தியது. 2004 ஒக்டோபரில் வந்த முதற் பதிப்பின் பெயரே 4.10, ஆண்டும் மாதமும் அதன் எண்ணாயின. 2006 ஏப்பிரலில் வரவேண்டிய பதிப்பை, நீண்டகாலம் ஆதரவளிக்கப்படும் பதிப்பாதலின் மேலும் செப்பஞ்செய்யக் கருதி, ஆறு வாரம் பிற்போட்டனர். அது 6.06 எனப் பெயர்பெற்று யூனில் வெளிவந்தது. எனினும் அடுத்த பதிப்பு அவ்வாண்டு ஒக்டோபரிலேயே 6.10 ஆக வந்தது. ஒரு தாமதம் அடுத்ததைத் தாமதிக்கவில்லை.

நாள் நிலைத்து நிற்பின் வேலை நெகிழல் வேண்டும். ஆனால் நெகிழ்வு மறைவாக நிகழலாகாது. முடியாத பணிக்கூறுகள் இருக்கையிலே ஒரு பதிப்பை வெளியிட முற்பட்டால், அவற்றை வேறொரு பதிப்புக்கு மாற்றுவதா, அவ்வண்ணமே விடுவதா என ஜிரா வினவும். சிறிய வினாவே; எனினும் ஒரு குழுவின் நேர்மை அதன் விடையில் விளங்கும். முடியாததை முடிந்ததெனக் குறித்து வெளியிட்டால், அப்பட்டியலை நம்பி விளக்கநூல் எழுதியவரும், அத்திருத்தத்துக்காகக் காத்திருந்தவரும் ஏமாறுவர். அடுத்த பதிப்புக்கு மாற்றிவிட்டோமென வெளிப்படக் கூறின், அவர் காத்திருப்பர். குழுவின் சொல்லும் மதிப்பிழவாது.

கருவி கணக்கை வைத்திருக்குமேயன்றி, எதனை இப்பொழுது கொடுப்பது, எதனைப் பின்னர்க் கொடுப்பது என்று தானே துணியமாட்டாது. அத்துணிவு மாந்தர்க்குரியது. நாளை இத்துறையிற் புகவிருக்கும் மாணவர், பதிப்பொன்றின் எதிரே ஒரு நாளைக் குறிக்கும்போது, தாம் எழுதுவது வெறும் திகதியன்று, பிறர்க்களிக்கும் வாக்குறுதி என்பதை உள்ளத்திற் கொள்வாராக.