ஜாய்ஸ்டிக் மாற்றப் போகிறீர்களா? சோதனையும் பில்லும்தான் உங்கள் பலம்

வீட்டுக் கணினியில் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், ஃப்ளைட்கியர் போன்றவற்றை ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை என்றைக்காவது ஒருநாள் வரும். கைப்பிடியைத் தொடாமலே விமானம் ஒரு பக்கம் சாயும். ஓடுபாதையை நெருங்கும்போது ரடர் துடிக்கும். உடனே புது ஜாய்ஸ்டிக் தேடத் தொடங்குவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். எந்தப் பாகம் தேய்கிறது என்று தெரிந்துகொண்டு, வாங்கியதும் சோதித்து, அதைப் பதிவும் செய்துவைத்தால் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்.

முதலில், பழுதுதானா?

சிமுலேட்டரில் ஒரே அச்சு (அசைவுத் திசை) இரண்டு கருவிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். கேம்பேடும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்து செருகியிருந்தால், இரண்டும் ரடரை இழுக்கும். மற்றதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். பழைய அளவுத்திருத்தத்தை அழித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் துடிப்பு நிற்காவிட்டால்தான் பழுது ஜாய்ஸ்டிக்கில் இருக்கிறது.

தேய்வது எது?

மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் கைப்பிடியின் நிலையை அளப்பது பொட்டன்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று கேட்குமே, அதே பாகம்தான். உள்ளே ஒரு தொடுமுனை கரிப்பூச்சின் மீது உரசிக்கொண்டே இருக்கும். நாளடைவில் பூச்சு தேயும், தூசி சேரும், அளவு தாவும். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சில காலம் சரியாகலாம். தேய்ந்த பூச்சு திரும்பி வராது.

ஹால் எஃபெக்ட் சென்சாரில் உரசல் இல்லை. கைப்பிடியோடு நகரும் காந்தத்தின் புலத்தை அளந்தே நிலையைக் கண்டுகொள்ளும். அதனால் நீடித்து உழைக்கும். ஆனால் பெட்டியில் ‘ஹால்’ என்று போட்டிருந்தால் எல்லா அச்சுக்கும் அதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் மாடலில் முன்-பின், இட-வல அசைவுகளுக்குத்தான் காந்த சென்சார். கைப்பிடியைத் திருகி இயக்கும் ரடருக்கும், த்ராட்டில் நெம்புகோலுக்கும் பொட்டன்ஷியோமீட்டரே. எனவே விற்பவரிடம் “எந்தெந்த அச்சுக்கு ஹால் சென்சார்?” என்று எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அதுவே சான்று.

உங்கள் கைக்கும் கணினிக்கும் பொருந்துமா?

ஏர்பஸ் ஏ320-இல் கேப்டனின் சைடுஸ்டிக் இடது பக்கம் இருக்கும். அதைப் பழக விரும்புகிறவருக்கு வலது கைக்கென்றே வார்த்த கைப்பிடி ஒத்துவராது. இரு கைக்கும் பொருந்தும் வடிவம் வேண்டும். செஸ்னா 172, போயிங் 737 ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு உண்மையில் தேவை ஸ்டீயரிங் போலப் பிடித்து இயக்கும் யோக். ரடர் பெடல் தனியாக வைத்திருப்பவர் திருகு ரடருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கணினிக்கான ஜாய்ஸ்டிக்குகள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸிலோ பிளேஸ்டேஷனிலோ வேலை செய்யாது. கேம் கன்சோலுக்கு வாங்குவதாக இருந்தால், அதன் பெயர் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியைப் பாருங்கள்

வெளிநாட்டில் தயாராகி இங்கே விற்கப்படும் பொருளின் பெட்டியில் எம்.ஆர்.பி., தயாரான நாடு, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரான மாதம்-வருடம், புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். எடையளவு சட்டத்தின் கீழான 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன. இறக்குமதியாளர் பெயரே இல்லாத பெட்டி என்றால், வாரண்டிக்கு யாரிடம் போவது என்பதற்கும் விடை இல்லை. வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

பிரித்த அன்றே சோதனை

பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். சீரியல் எண் தெளிவாகத் தெரியட்டும். பிறகு விண்டோஸ் தேடல் பெட்டியில் கேம் கன்ட்ரோலர் அமைப்பைத் திறந்து, ஜாய்ஸ்டிக்கின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பக்கத்துக்குப் போங்கள். சதுரத்துக்குள் ஒரு சிறு சிலுவைக் குறி தெரியும். கைப்பிடியை மெல்ல நான்கு மூலைக்கும் கொண்டுபோங்கள். குறி இடையில் தாவக் கூடாது, மூலையைத் தொடாமல் நிற்கவும் கூடாது. கையை எடுத்ததும் நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும். ரடரையும் த்ராட்டிலையும் இதேபோல ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிதானமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். இதையும் வீடியோவில் பதிவு செய்யுங்கள். சிமுலேட்டரில் நடுப்பகுதியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் ‘டெட் சோன்’ வைத்தால் நடுப்பகுதித் துடிப்பு மறைந்துபோகும். எனவே சோதனை முடியும்வரை அதை வைக்காதீர்கள்.

பழைய ஜாய்ஸ்டிக் வாங்குபவர்கள் இதே சோதனையைப் பணம் கொடுக்கும்முன் செய்ய வேண்டும். வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கினால், பிற்பாடு சட்டப் பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

சட்டம் தரும் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்புப் பலகை பழுதான பொருள் விஷயத்தில் உங்களைக் கட்டுப்படுத்தாது.

ஆன்லைன் வணிகத்துக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உண்டு. பழுதானதையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ‘எல்லா அச்சும் ஹால்’ என்று சொல்லி விற்றுவிட்டு, ரடரில் பொட்டன்ஷியோமீட்டர் இருந்தால் இந்த விதி பொருந்தும். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

‘இதில் பழகினால் விமானி உரிமத்துக்கு நேரம் சேரும்’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வீட்டு ஜாய்ஸ்டிக்கில் ஓட்டிய நேரம் அந்தக் கணக்கில் சேராது. இப்படிப்பட்ட பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயாரிப்பாளருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

எங்கே முறையிடுவது?

முதலில் விற்பனையாளருக்கும் தளத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பில், சீரியல் எண், வீடியோ மூன்றையும் இணையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

ஒரு ஜாய்ஸ்டிக்குக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடும்போது, அதே குறையுள்ள பொருள் அடுத்தவர் வீட்டுக்கும் போகிறது. ஏமாந்த பணம் சிறியதாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். சட்டம் கட்டணமே இல்லாமல் கதவைத் திறந்து வைத்திருப்பது இப்படிப்பட்ட தொகைகளுக்காகத்தான்.