ரத்தப் பரிசோதனைச் சீட்டின் எண்ணை எதை நம்பி ஏற்பது?

மயூர் விஹாரில் எந்தப் பாக்கெட்டின் கடைவீதிக்குப் போனாலும், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனைக்கான பெயர்ப் பலகை ஒன்று கண்ணில் படும். காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களில் சர்க்கார் ஆபீஸ் தமிழ்க் குமாஸ்தாக்களும் உண்டு; நாலு வீட்டில் வேலை செய்து குடும்பம் நடத்தும் தமிழ்ப் பெண்களும் உண்டு. மாலையில் ஒரு சீட்டு கைக்கு வருகிறது. அதில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். அந்த எண் சரிதானா என்று கேட்பவர் மிகச் சிலரே.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை வியாதி என்பது டாக்டர்கள் வகுத்துக்கொண்ட கோடு. ஒரு லாபரட்டரியின் கருவி நூற்றுக்கு ஆறு கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 120 உள்ளவருக்குச் சீட்டில் 127 என்று வரும். வியாதி இல்லாதவர் வியாதிக்காரர் ஆகிவிடுகிறார். அதே கருவி ஆறு குறைத்துக் காட்டினால் 130 உள்ளவருக்கு 122 என்று வரும். வியாதி உள்ளவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். சந்தேகம் தீர டாக்டர் மறுபடியும் பார்க்கச் சொன்னால் இன்னொரு கட்டணம். தினக்கூலிக்காரருக்கு இன்னொரு நாள் கூலியும் நஷ்டம்.

நோயாளிக்கு முன் ஒரு சோதனை

மளிகைக் கடைத் தராசைச் சோதிக்க வேண்டுமானால், எடை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். லாபரட்டரியிலும் அதே வழிதான். அங்கே படிக்கல்லுக்குப் பதிலாக, சர்க்கரை, யூரியா, கொழுப்பு முதலியவை எவ்வளவு என்று முன்னதாகவே தெரிந்த சீரம் இருக்கிறது. ‘கண்ட்ரோல்’ என்பது அதன் பெயர். நோயாளிகளின் ரத்தத்தைக் கருவியில் வைப்பதற்கு முன், காலையில் முதலில் கண்ட்ரோலை வைக்க வேண்டும். அது சரியான விடை சொன்னால்தான் அன்றைய வேலை தொடங்கலாம்.

இந்த யோசனை தொழிற்சாலையில் பிறந்தது. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட், 1924-ல் உற்பத்தியின் தரத்தைக் கண்காணிக்க ஒரு வரைபடம் வகுத்தார். அதை 1950-ல் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுவந்தவர்கள் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர். இன்றும் லாபரட்டரிகளில் அந்த வரைபடம் அவர்கள் பெயரால்தான் வழங்குகிறது.

அதைப் புரிந்துகொள்வது சுலபம். கண்ட்ரோலின் சர்க்கரை அளவு 100 என்றும், நாளுக்கு நாள் ஏற்படும் இயல்பான ஏற்ற இறக்கத்தின் அலகு 2 என்றும் கொள்வோம். இருபது நாளில் ஏறக்குறைய பத்தொன்பது நாள் விடை 96-க்கும் 104-க்கும் இடையில் விழும். 94-க்குக் கீழோ 106-க்கு மேலோ விழுந்தால் வேலையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். நாள்தோறும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தால், கருவியின் நடத்தை கண்ணுக்குத் தெரியும்.

1981-ல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் இதற்கு மேலும் சில விதிகள் தந்தார்கள். அவற்றில் ஒன்று கவனிக்கத்தக்கது. தொடர்ந்து பத்துப் புள்ளிகள் நடுக்கோட்டுக்கு ஒரே பக்கமாக விழுந்தால், ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும்கூட ஆபத்து அறிகுறிதான். ரசாயனம் கெட்டு வரலாம். விளக்கின் ஒளி மங்கி வரலாம். தவறு பெரிதாகும் முன்பே பிடித்துவிடுவது இந்த விதியின் நோக்கம்.

வேலூரிலிருந்து வரும் பரீட்சை

தன் கண்ட்ரோலைத் தானே பார்த்துக்கொள்வது போதாது. வெளியிலிருந்து ஒருவர் சோதிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் பெல்க், சண்டர்மன் என்ற இரு டாக்டர்கள் ஒரே மாதிரித் திரவங்களைப் பல ஆஸ்பத்திரி லாபரட்டரிகளுக்கு அனுப்பி, வந்த விடைகளை 1947-ல் வெளியிட்டார்கள். ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்கத்தகாத விடைகளே அதிகம்! பிரிட்டனில் 1969-ல் பர்மிங்ஹாம் நகரில் டாம் வைட்ஹெட் என்பவர் நாடு தழுவிய திட்டமாகவே இதைத் தொடங்கினார்.

நம் நாட்டில் இந்தப் பணியில் முன் நிற்பது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி என்பது தமிழர்கள் பெருமைப்படத்தக்க செய்தி. அங்குள்ள ரசாயனப் பரிசோதனைத் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலார் சங்கத்தோடு சேர்ந்து பல ஆண்டுகளாக இதை நடத்திவருகிறது. உலர்த்திப் பொடியாக்கிய சீரம் அடங்கிய குப்பிகள் வேலூரிலிருந்து நாடெங்கும் போகின்றன. மாதத்துக்கு ஒரு குப்பி. குறிப்பிட்ட அளவு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கரைத்து, நோயாளியின் ரத்தத்தைச் சோதிப்பது போலவே சோதித்து, விடையை வேலூருக்குத் தெரிவிக்க வேண்டும். அதே முறையைப் பின்பற்றும் மற்ற லாபரட்டரிகளின் விடைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வருகிறது.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கு இதே போன்ற பரீட்சையை நடத்துவது தில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் ரத்தவியல் துறை. ஆக, மயூர் விஹாரில் உள்ள ஒரு லாபரட்டரி விரும்பினால் சர்க்கரைக்கு வேலூரிடமும், ஹீமோகுளோபினுக்கு யமுனைக்கு அக்கரையிலேயே எய்ம்ஸிடமும் தன்னைச் சோதித்துக்கொள்ளலாம். விரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

கருவிக்கு வெளியே பிறக்கும் தவறு

கருவி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பதும் பிசகு. இத்தாலியில் பாதுவா நகர ஆஸ்பத்திரியின் அவசரப் பரிசோதனைப் பிரிவில் பிளெபானி, கராரோ என்ற இருவர் தவறுகளை எண்ணிப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். 40,490 பரிசோதனைகளில் 189 தவறுகள். அவற்றில் நூற்றுக்கு 68 தவறுகள் ரத்தம் கருவிக்குப் போகும் முன்பே நேர்ந்தவை. கருவியில் நேர்ந்தவை 13 மட்டுமே. மீதி, விடையை எழுதி அனுப்புவதில் நேர்ந்தவை.

பத்து ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடியும் எண்ணினார்கள். 51,746 பரிசோதனைகளில் 160 தவறுகள். அதாவது பத்தாயிரத்துக்கு 47 ஆக இருந்தது 31 ஆகக் குறைந்தது. தவறை மறைக்காமல் குறித்து வைத்து, காரணம் தேடி, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று. தவறே நேராத லாபரட்டரி உலகில் இல்லை. தவறைப் பதிவு செய்யும் லாபரட்டரி, செய்யாத லாபரட்டரி என்ற இரண்டு வகைதான் உண்டு.

தில்லி வாசிகளுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். கடைவீதியில் பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பல, ரத்தம் எடுக்கும் நிலையங்கள் மட்டுமே. பரிசோதனை நடப்பது வேறு எங்கோ. ஜூன் மாத வெயிலில் மோட்டார் சைக்கிளில் ரத்தம் பயணம் செய்கிறது. குழாயில் உள்ள ரத்த அணுக்கள் உயிருள்ளவை. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரித்து வைக்காத ரத்தத்தில் மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை சர்க்கரை குறையும். வெயிலில் இன்னும் வேகம். அதனால்தான் சர்க்கரைக்கென்று ஃபுளோரைடு உப்பு கலந்த, சாம்பல் நிற மூடி போட்ட குழாய் உண்டு. அணுக்கள் உடைந்துபோனால் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தோன்றும். இவற்றையெல்லாம் எவ்வளவு உயர்ந்த கருவியாலும் சரிசெய்ய முடியாது.

முத்திரை சொல்வது என்ன?

தராசுக்குச் சர்க்கார் முத்திரை உண்டு. லாபரட்டரிக்கு? சுருக்கமாக என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் 1988-ல் தொடங்கியது. மருத்துவ லாபரட்டரிகளுக்கான அளவுகோல் ஐ.எஸ்.ஓ. 15189 என்ற உலகத் தரம். 2003-ல் முதலில் வெளிவந்த இது, 2022-ல் மறுபடியும் திருத்தப்பட்டது. தினசரிக் கண்ட்ரோல், வெளிப் பரீட்சை, தவறுகளின் பதிவு, தொடர்ந்த முன்னேற்றம் யாவும் இதில் அடக்கம். ஆனால் இந்த அங்கீகாரம் கட்டாயம் அல்ல. லாபரட்டரி தானாக முன்வந்து பெறுவது. அடிப்படைப் பரிசோதனைகள் மட்டும் செய்யும் சிறிய லாபரட்டரிகளும் தொடங்கட்டும் என்று 2020-ல் எளிய நுழைவுத் திட்டம் ஒன்றையும் வாரியம் கொண்டுவந்தது.

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு இதன் அருமை ஓரளவு தெரியும். சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற லாபரட்டரிக்கு ஒரு கட்டணம். பெறாததற்கு அதைவிடக் குறைவு. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கீகாரம் முழுக் கடைக்கும் தரப்படுவதல்ல. இன்ன இன்ன பரிசோதனை என்று பட்டியலிட்டே தரப்படுகிறது. வாரியத்தின் பட்டியலை யாரும் பார்த்துச் சரிபார்க்கலாம்.

கேட்க வேண்டியவை

ரத்தம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். பரிசோதனை இங்கேயா, வேறிடத்திலா? எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும்? இந்தப் பரிசோதனைக்கு வெளிப் பரீட்சையில் சேர்ந்திருக்கிறீர்களா? நல்ல லாபரட்டரிக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

நோயாளியின் பங்கும் உண்டு. வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரமாவது காபிகூட இல்லாமல் இருப்பது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சாப்பிடும் மாத்திரைகளை முன்னதாகச் சொல்வது நல்லது. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு விடையையே புரட்டிவிடக்கூடும். குழாயில் தன் பெயரும் வயதும் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வருவது எல்லாவற்றிலும் முக்கியம்.

இரண்டு லாபரட்டரிகளின் விடை சற்று வேறுபட்டால் உடனே கலங்கவும் வேண்டாம். சர்க்கரையில் நூற்றுக்கு எட்டு வரை விலகலை அமெரிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஓரிடத்தில் 200, இன்னோரிடத்தில் 208 என்றால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். ஒரே லாபரட்டரியில் தொடர்ந்து பார்த்து, பழைய சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, டாக்டரிடம் சேர்த்துக் காட்டுவது புத்திசாலித்தனம். அறிகுறிக்கும் எண்ணுக்கும் பொருத்தமே இல்லை என்று டாக்டருக்குத் தோன்றினால், மருந்தை மாற்றும் முன் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்வதே முறை.

காய்கறி வாங்கும்போது தராசின் முள்ளைப் பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. சொந்த ரத்தத்தை நிறுக்கும் தராசுக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?