கோடு பேசியது!

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தேன். "எல்லாம் சரியாயிடும்" என்றார்களே தவிர, "எப்படி வலிக்குது?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்போதுதான் கங்கா தேவியைப் பற்றிப் படித்தேன். சீதை பிறந்த மிதிலைக்காரர். கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். இவரோ, மணப்பெண் அறைச் சுவரில் பெண்கள் வரையும் சித்திரத்தைக் காகிதத்தில் தீட்டினார்; பிறப்பு முதல் பெண்ணின் வாழ்க்கையையே வரைந்தார். 1984-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. புற்றுநோய் வந்தபோது, தில்லியில் தாம் பட்ட ஆஸ்பத்திரிப் பாட்டையும் சித்திரமாக்கினார். 1991-இல் காலமானார். நோய் தீரவில்லைதான், ஆனால் மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டாரே!

நானும் மகளின் பழைய நோட்டில் என் கட்டிலை வரைந்தேன். கோலம் போட்ட கைதானே! பார்த்த என் கணவர், "இவ்வளவு வலிச்சுதா?" என்றார்.

சகோதரிகளே, மருந்தோடு ஒரு பென்சிலையும் பக்கத்தில் வையுங்களேன்!