தாலிப் பொன்னும் திருச்சபையின் கேள்வியும்

திருமண ஆராதனையில் தாலியின்மேல் இறையாசி வேண்டி அதனை மணமகனிடம் அளிப்பது, விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரச் சபைகளில் போதகர் அடிக்கடி நிறைவேற்றும் பணியாகும். அப்பொன் தூயதா என்பதைப் பெற்றோர் கடையிலேயே கேட்டறிந்து விடுகின்றனர். அது எவ்வழியாக வந்தது என்று கேட்பவர் அரியர். இந்த இரண்டாவது கேள்வியை எழுப்புவது திருச்சபையின் கடமைதானா? அதற்குத் திருமறையில் ஆதாரம் உண்டா? இதுவே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

1. முத்திரை கூறுவதும் கூறாததும்

இந்தியாவில் தங்க நகைகளுக்குத் தரமுத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் வேண்டும் என்றாயிற்று. முத்திரையிலுள்ள 916 என்னும் எண், ஆயிரம் பங்கில் 916 பங்கு பொன் என்று சான்று பகர்கிறது. கள்ளத் தராசைக் கண்டிக்கும் நீதிமொழிகளின் (11:1) நோக்கிற்கு இஃது இசைந்ததே. ஆயினும் முத்திரை உலோகத்தின் தூய்மையைச் சொல்லுமேயன்றி, அதைத் தோண்டிய கையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

2. பொன் வரும் வழி

அவ்வழியைத் தமிழர் அறியாதவர் அல்லர். கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கம் நடத்தினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழரே, அவருள்ளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களே, நிலத்தடியில் உழைத்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் பாறைகள் வெடித்துச் சிதறியதால் பலர் மாண்டனர்; கல்தூசி பலருடைய நுரையீரலை அரித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

இன்று நம் நாட்டிற்குத் தேவையான பொன்னில் மிகப் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்தே வருகிறது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சிறு சுரங்கத் தொழிலாளர் பலர் பொன்துகளைப் பாதரசத்தோடு சேர்த்து, பின்பு நெருப்பில் காய்ச்சிப் பிரிக்கின்றனர். அப்புகை அவர்கள் உடலையும், ஆற்று மீன்களையும், அவற்றை உண்போரையும் நஞ்சாக்குகிறது. இதனைக் குறைக்க 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பலவிடத்துப் பொன்னும் ஒரே உலையில் உருகிய பின்னர், எது எங்கிருந்து வந்தது என்று கண்ணால் காண இயலாது.

மணிகளின் நிலையும் இத்தகையதே. 2003-இல் தொடங்கிய கிம்பர்லி ஏற்பாடு, கலகப் படைகளுக்குப் பொருள் சேர்க்கும் பட்டைதீட்டாத வைரங்களையே தடுக்கிறது; தொழிலாளர் கூலியைப் பற்றிக் கேட்பதில்லை. குஜராத்தில் கம்பாத் நகரின் அகேட் கல் தீட்டுவோர் கல்தூசி நோயால் மெலிந்து மடிந்துள்ளனர்.

நம்மூர்ப் பட்டறையும் விலக்கன்று. கே.டி.எம். நகை என்று பலர் உயர்வாகப் பேசியது, காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகையையே. அதன் புகை பொற்கொல்லரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் முத்திரை நகைகளில் அது விலக்கப்பட்டது.

3. சிவகாசி கற்பித்த பாடம்

"இதைச் செய்த கை எது?" என்னும் கேள்வி நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் சிறுவர் உழைத்ததைக் குறித்து எழுந்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணிக்கு அமர்த்திய ஒவ்வொரு சிறுவருக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டபோதும் அதே கேள்வி எழுந்தது.

இவ்வனுபவம் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. தொலைவிலிருப்போர் கேள்வி கேட்டால், அருகிலிருப்போர் மறைக்க இயலாது. ஆனால், "வாங்காதிருங்கள்" என்பதோடு கேள்வி நின்றுவிட்டால், முதலில் கஞ்சி இழப்பவர் தொழிலாளரே. ஆதலால் நம் கேள்வி, கேட்பவருடைய கைகளைக் கழுவிக்கொள்வதற்காக அன்று, உழைப்பவருடைய வாழ்வு சீர்படுவதற்காக எழவேண்டும்.

4. திருமறையின் ஒளி

கடையில் விற்பதை ஒன்றும் விசாரியாமல் உண்ணலாம் என்று பவுலடியார் கூறவில்லையா (1 கொரிந்தியர் 10:25) எனச் சிலர் வினவலாம். அவர் பேசியது விக்கிரகத்திற்குப் படைத்த உணவைப் பற்றி, விக்கிரகமோ ஒன்றுமில்லை. அங்கும்கூட, ஒருவன் அதைச் சுட்டிக்காட்டினால் பிறன்பொருட்டு விலகச் சொல்கிறார் (10:28-29). சுரங்கத்தானின் நோயோ ஒன்றுமில்லாதது அன்று. அதை நமக்குச் சுட்டிக்காட்டியும் ஆயிற்று.

மூவர் தம் உயிரைப் பொருட்படுத்தாமல் பெத்லெகேம் கிணற்றிலிருந்து கொணர்ந்த நீரைத் தாவீது குடிக்க மறுத்துக் கர்த்தருக்கென்று ஊற்றினார் (2 சாமுவேல் 23:15-17). நீரில் குறையில்லை, அது வந்த வழியே அவரைத் தடுத்தது. வெளிப்படுத்தின விசேஷம் 18:12-13 காட்டும் பாபிலோனின் வணிகப் பட்டியலோ, பொன்னிலும் மணியிலும் தொடங்கி மனித உயிர்களில் முடிகிறது.

5. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, குடும்பத்தின் பழைய பொன்னை அறிமுகமான பொற்கொல்லரிடம் உருக்கித் தாலி செய்விக்கலாம். புதிதாகத் தோண்டுவது அவ்வளவேனும் குறையும். எனினும் சுரங்கத்தானுக்கு நீதி இதனால் கிடைத்துவிடாது.

இரண்டாவது, புதுப்பொன் வாங்குவோர் அது எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது என்று கடையில் கேட்கட்டும். நியாய வணிகத் தங்கம் 2011 முதல் பிரித்தானியாவில் விற்கப்படுவதால், பொன்னின் வழியைக் காத்து வைப்பது இயலாத செயல் அன்று.

மூன்றாவது, செய்கூலி இல்லை என்னும் விளம்பரத்தில் மகிழும் நாம், அக்கூலியை இழந்தவர் யார் என்று யாக்கோபு 5:4-ஐத் திறந்துவைத்துக் கேட்கவேண்டும்.

நான்காவது, திருமண ஆயத்தப் போதனையில் இத்தனை பவுன் என்னும் பேரத்தைப் போதகர் துணிந்து கண்டிக்கவேண்டும். வீட்டார் கேட்கும் ஒவ்வொரு பவுனும் எங்கோ ஒருவரை மண்ணுக்குள் இறக்குகிறது என்பதை மணமக்கள் அறிதல் நலம். அறிந்தபின் அவர்கள் தேர்வது சிறு தாலியாயினும், அதன்மேல் நாம் வேண்டும் ஆசி உண்மையுள்ளதாகும்.