பனிக்குட நீரின் புரதங்களும் கொழுமியங்களும்
பனிக்குட நீரில் பெரும்பகுதி வெறும் நீரே. ஆயினும் அதில் சிறிதளவே கரைந்துள்ள புரதங்களும் கொழுமியங்களும் கருவின் நிலையை அறிய உதவுகின்றன. புரதங்களுள் ஆல்புமின் மிகுதி. கருவின் கல்லீரலில் உருவாகும் ஆல்பா-பீட்டோபுரதம் அளவுக்கு மீறினால் நரம்புக்குழாய் மூடாத குறைபாடு ஐயுறப்படும்.

கருவின் நுரையீரலில் சுரக்கும் லெசித்தின் என்னும் கொழுமியம், பிறந்தபின் காற்று நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது. அது நுரையீரல் நீர்மத்துடன் வெளியேறிப் பனிக்குடத்தில் கலக்கிறது. மற்றொரு கொழுமியமான இசுபிங்கோமையலினின் அளவு பெரிதாக மாறுவதில்லை. எனவே 1971 இல் லூயிசு குளுக் குழுவினர் இவ்விரண்டின் விகிதத்தை நுரையீரல் முதிர்ச்சியின் அளவுகோலாக்கினர். ஏறத்தாழ 35 ஆவது வாரத்தில் அது 2 ஐ எட்டும். அதன்பின் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வாய்ப்பு குறைவு. தாய்க்கு நீரிழிவு இருந்தால் இந்த எண்ணை மட்டும் நம்ப இயலாது. மாதிரியில் குருதி கலந்தாலும் முடிவு பிழையாகலாம்.