மின்னல் முந்துவதும் இடி பிந்துவதும் ஏன்?

வானில் மின்னலைக் கண்ட சிறிது நேரத்திற்குப் பின்னரே இடியோசை நம் காதில் விழுகின்றது. இதனால் இவ்விரண்டும் வெவ்வேறு நேரங்களில் தோன்றுவன என்று எண்ணுவோர் உளர். உண்மையில் இரண்டும் ஒரே நிகழ்ச்சியில் பிறப்பவை. ஒன்று ஒளியலையாகவும் மற்றொன்று ஒலியலையாகவும் நம்மை வந்தடைகின்றன. அவற்றின் வேகம் வேறுபடுவதாலேயே ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது, மரங்களுக்கிடையே வேலை செய்யும் தோட்டத் தொழிலாளர்களுக்கு உயிர்காக்கும் அறிவாகும்.

முதலில் ஒலியைக் காண்போம். பால் நிறுக்கும் கொட்டகையில் தொழிலாளர்கள் வரிசையாக நெருங்கி நிற்கின்றனர் எனக் கொள்வோம். கடைசியில் நிற்பவர் முன்னிருப்பவரைத் தள்ளினால், அவர் தமக்கு முன்னிருப்பவர் மீது சாய்வார். இவ்வாறு அந்த உந்துதல் வரிசையின் முதல் ஆள் வரை சென்று சேரும். ஆயினும் எவரும் தம் இடத்தை விட்டு நீங்குவதில்லை. ஒலியும் இத்தகையதே. ஒரு பொருள் அதிரும்போது அருகிலுள்ள காற்று நெருக்குண்டு, அந்நெருக்கம் அடுத்தடுத்த காற்றுப் பகுதிக்குப் பரவிச் செல்கின்றது. ஆகவே, காற்று, நீர், மரம், இரும்பு முதலிய ஏதேனும் ஒரு பொருளின்றி ஒலி பரவ இயலாது. நம் நாட்டு வெப்பநிலையில் அது காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும்.

ஒளியோ மின்காந்த அலையாகும். அது பரவுவதற்குக் காற்றும் தேவையில்லை. அதனாற்றான் வெற்றிடத்தைக் கடந்து கதிரவனின் ஒளி நம்மை வந்தடைகின்றது. அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். தொலைவில் ஒருவர் விறகு பிளக்கும்போது, கோடரி விழுவதை முதலிலும் அதன் ஓசையைப் பின்னரும் நாம் உணர்வது இதனாலேயே.

இந்த உண்மையைக் கொண்டு ஒலியின் வேகத்தை அளந்த ஆராய்ச்சி ஒன்று நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னை நகரிலேயே நடைபெற்றது. 1820, 1821-ஆம் ஆண்டுகளில் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம் என்பார், புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளைப் பயன்படுத்தினார். பீரங்கியின் ஒளி தென்பட்டது முதல் ஓசை கேட்கும் வரை கழிந்த நேரம் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பரங்கிமலையின் ஓசை வந்து சேர 26 விநாடி அளவு ஆயிற்று. வெப்பம் மிகுந்த மாதங்களில் ஒலி சற்று விரைந்து செல்வதையும் அவர் கண்டார். அவருடைய முடிவுகள் 1823-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியாயின.

வானத்துப் பீரங்கியே இடி. மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசு வரை சூடேறித் திடீரென விரிவதால் அப்பேரோசை எழுகின்றது. மின்னலின் பாதை சில கிலோமீட்டர் நீளமுடையது. அருகிலுள்ள பகுதியின் ஓசை முன்னரும் தொலைவிலுள்ள பகுதியின் ஓசை பின்னரும் வருவதால் இடி உருண்டோடுவதுபோல் கேட்கின்றது.

மின்னலைக் கண்டதும் விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் எனக் கணக்கிடலாம். 15 விநாடியில் இடி கேட்டால் மின்னல் 5 கிலோமீட்டர் தொலைவில் விழுந்துள்ளது என அறியலாம். ஆனால் இக்கணக்கு விழுந்துவிட்ட மின்னலின் தொலைவையே காட்டும். அடுத்த மின்னல் எங்கு விழும் என்பதைக் காட்டாது. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழக்கூடும். எனவே 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து நெருங்கிவிட்டது என்பது பொருள்.

புக்கிட் செந்தோசா முதல் கோல சிலாங்கூர் கடற்கரை வரையிலான தோட்டப்புறங்களில், பருவக்காற்று மாறும் மாதங்களில் மாலை வேளைகளில் இடிமழை மிகுதி. அன்றியும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமாத்திரா' புயற்காற்று விடியற்காலையிலேயே இடிமுழக்கத்துடன் வீசுவதுண்டு. தலைவிளக்குடன் நிரையில் நின்று பால் வெட்டும் நேரமும் அதுவே. மங்கில் இருக்கும் பால் வீணாகுமே, அன்றைய வருமானம் குறையுமே என்ற கவலை இயல்பானது. ஆயினும் இழந்த பாலை மறுநாள் வெட்டலாம்; இழந்த உயிரை மீட்க இயலாது.

இடி கேட்டதும் சுவர்களால் மூடப்பட்ட கட்டடத்திற்கோ, இரும்புக் கூரையுடைய வண்டிக்குள்ளோ சென்றுவிடல் வேண்டும். மரத்தடியும், சுவரற்ற கொட்டகையும், மோட்டார் சைக்கிளும் பாதுகாப்பு அளிக்கமாட்டா. வேறு வழியே இல்லையெனில், ஒருவரையொருவர் விட்டு விலகி, பாதங்களை இணைத்துக் குந்தியிருங்கள், தரையில் படுக்கலாகாது. கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் கழித்தே வேலைக்குத் திரும்புங்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. ஆகவே, அஞ்சாமல் அவரைத் தொட்டு முதலுதவி செய்யலாம். 999 எண்ணை உடனே அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் மார்பை விடாது அழுத்தி உதவுங்கள்.

2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள, திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இவ்வகையில் தொழிலாளர்களுக்குத் துணை நிற்கின்றது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கவில்லையெனில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை அது வழங்குகின்றது. மண்டோர்களும் இதனை அறிந்து, இடி கேட்டவுடன் தாமே முன்னின்று வேலையை நிறுத்துதல் நலம்.

ஒளி நமக்கு முதலில் எச்சரிக்கை தருகின்றது. ஒலி அந்த ஆபத்தின் தொலைவைக் கூறுகின்றது. இவ்விரு தூதர்களின் சொல்லையும் கேட்டு நடப்போமாக.