இஎம்ஐ 6,673 தானே? பிள்ளையார்பாளையத்துல ஒரு ஹிமாலயன் கணக்கு

போன வாரம் பைக் லோன் பத்தி வீடியோ போடும்போதே சொன்னேன், இதை எழுத்துல விரிவா தர்றேன்னு. வீடியோவுல எண்கள் வேகமா ஓடிடும். இங்க நிறுத்தி நிதானமாப் பார்க்கலாம். ஒரு கால்குலேட்டர் பக்கத்துல இருந்தா நல்லது.

என் சித்தி பையன் காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையத்துல இருக்கான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில வேலை. கையில வர்ற சம்பளம் 46,000. சித்தப்பா நெசவாளி. முப்பது வருஷத்துக்கு மேல குழித்தறியில உட்கார்ந்து, இப்ப முழங்காலும் முதுகும் ஒத்துழைக்கலை. ஆறு மாசமா தறி ஓடலை. அந்த வீட்டுல மாசம் பிறந்தா தவறாம வர்ற பணம்னு ஒண்ணு வந்ததே இவன் வேலைக்குப் போன பிறகுதான். அதுக்கு முன்னாடி புடவை அறுத்துக் கொடுத்தா பணம், இல்லைன்னா இல்லை.

இவனுக்கு ஹிமாலயன் 450 வேணும். கேமரா முன்னாடி வந்து பேசுடான்னு கூப்பிட்டேன், வரலை. வாட்ஸப்புல மட்டும் கேட்டான்: “அண்ணா, இஎம்ஐ 6,673 தான் வருது. எடுத்துடலாம்ல?”

ஆசையைத் தப்பு சொல்ல மாட்டேன். அந்த வண்டி உண்மையிலேயே நல்லா மாறியிருக்கு. பழைய ஹிமாலயன் 2016ல வந்தது, 411 சிசி, காத்தும் ஆயிலும் குளிர்விக்கிற இன்ஜின், 24 குதிரைத்திறனுக்கு கொஞ்சம் மேல. மலையேறும், ஆனா ஹைவேல மூச்சு வாங்கும்னு ஓட்டினவங்க எல்லாருமே சொல்வாங்க. 2023 நவம்பர்ல வந்த 450 பேருல மட்டும்தான் அதோட தொடர்ச்சி. 452 சிசி, ராயல் என்ஃபீல்டோட முதல் லிக்விட் கூல்டு இன்ஜின், 40 குதிரைத்திறன், 40 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர். டேங்க் 15 லிட்டர்ல இருந்து 17 ஆச்சு. எடை கூடாம 196 கிலோவுல நிக்குது. வட்டமான திரையில கூகுள் மேப் ஓடும். இதுக்கும் மேல, அந்தக் கம்பெனியோட பெரிய ஆலைகள் ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும், அதாவது இவன் மாவட்டத்துக்குள்ளயே இருக்கு. கம்பெனி பஸ்ல போகும்போது டெஸ்ட் ரைடு வண்டிகளை ஜன்னல் வழியா பார்த்துப் பார்த்து ஏங்கினவன்.

சரி, கணக்குக்கு வருவோம்.

முதல்ல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு வரி 28ல இருந்து 18 சதவீதமா இறங்குச்சு. அதுக்கு மேல உள்ள வண்டிக்கு, முன்னாடி 28 சதவீதமும் செஸ் 3 சதவீதமும் சேர்ந்து 31 ஆக இருந்தது, இப்ப 40. நம்ம ஹிமாலயன் 452 சிசி, கோட்டுக்கு அந்தப் பக்கம். 2,85,000 ரூபாய் ஷோரூம் விலை இருந்த வண்டியை எடுத்துக்கோங்க. அதுல வரியைக் கழிச்சா அடிப்படை விலை சுமார் 2,17,600. அதுக்கு 40 சதவீதம் போட்டா 3,05,000 பக்கம் வருது. வண்டியில ஒரு போல்ட் கூட மாறலை, 20,000 ரூபாய் ஏறிடுச்சு. அதே நேரம் 2,00,000 ரூபாய்க்கு வித்த 350 சிசி வண்டி 15,600 ரூபாய் குறைஞ்சது. 349 சிசியில இவ்வளவு வண்டி ஏன் வருதுன்னு இப்ப புரியுதா?

அடுத்தது தமிழ்நாட்டு சாலை வரி. 2023 நவம்பர்ல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல உள்ள பைக்குக்கு 12 சதவீதம். 3,05,000க்கு 36,600. இன்சூரன்ஸ்ல புது பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பீடு அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்து எடுத்தே ஆகணும். 350 சிசிக்கு மேல அது 15,117, ஜிஎஸ்டியோட 17,838. சொந்தச் சேதத்துக்கான காப்பீடு ஒரு 8,000னு வெச்சுப்போம். பதிவுச் செலவு, இதர செலவு எல்லாம் சேர்த்தா 3,70,000. விளம்பரத்துல பார்க்கிற எண்ணுக்கும் நீங்க கொடுக்கிற எண்ணுக்கும் நடுவுல 65,000 ரூபாய் ஓடிப்போச்சு.

இது வண்டி மட்டும்தான். அட்வெஞ்சர் பைக் எடுக்கிறவன் சும்மா ஓட்டுவானா? ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ், க்ராஷ் கார்டு, பின்னாடி பெட்டி. 50,000க்குக் குறையாது. ஜாக்கெட்டுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, பெட்டியில பிடிங்க. மொத்தம் 4,20,000.

தம்பி 3 லட்சம் லோன் போடறான். மீதி 1,20,000 பேங்க்ல இருக்கிற சேமிப்பு. அவனுக்குன்னு இருக்கிறது அவ்வளவுதான். 12 சதவீத வட்டி, 60 மாசம்: இஎம்ஐ 6,673. மொத்தம் கட்டுறது சுமார் 4,00,400. வட்டி மட்டும் ஒரு லட்சம். இதையே 36 மாசமா போட்டா இஎம்ஐ 9,964, வட்டி 58,700. எல்லாரும் முதல் எண்ணைத்தான் பார்ப்பாங்க, 6,673 சின்னதா தெரியும்.

இங்க இன்னொரு விஷயம், நான் ஏமாந்த விஷயம். என் முதல் வண்டிக்கு ஒரு நிதி நிறுவனத்துல “எட்டு பர்சென்ட் தான் சார்”னாங்க. பேர் வேண்டாம். அது ஃப்ளாட் ரேட். மூணு லட்சத்துக்கு எட்டு பர்சென்ட், அஞ்சு வருஷம், 1,20,000 வட்டி, மாசம் 7,000. நீங்க மாசாமாசம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருந்தாலும் வட்டி மட்டும் முழு மூணு லட்சத்துக்கே போடுவாங்க. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டா அது 14 சதவீதத்துக்கும் மேல. “ஃப்ளாட்டா, ரெடியூஸிங்கா?” இந்த ஒரு கேள்வியைக் கேட்டுட்டு எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் பாருங்க.

தம்பி இன்னும் கவனிக்காத ஒண்ணு இருக்கு. உங்க வண்டி திருடு போனா இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கிறது ஐடிவி அளவுக்குத்தான். ஒரு வருஷம் தாண்டினா விலையில 20 சதவீதம் கழிப்பாங்க, ரெண்டு தாண்டினா 30, மூணு தாண்டினா 40, நாலு தாண்டினா 50. 3,05,000 வண்டி முதல் வருஷம் முடிஞ்ச மறுநாள் 2,44,000. அந்த நாள்ல 60 மாச லோன்ல பாக்கி எவ்வளவு? 2,53,400. அதாவது வண்டி போய், காப்பீட்டுப் பணம் முழுசா வந்து, அதை அப்படியே லோனுக்குக் கொடுத்த பிறகும் 9,400 ரூபாய் கடன் நிக்கும், வண்டி இல்லாம. 36 மாச லோன்ல அதே நாள்ல பாக்கி 2,11,700 தான், கையில கொஞ்சம் மிஞ்சும். நீளமான லோன் மலிவுன்னு சொல்றவங்க இந்தப் பக்கத்தைக் காட்ட மாட்டாங்க.

இப்ப அவனோட மாசக் கணக்கு. சம்பளம் 46,000. வீட்டுக்கு 18,000, தங்கச்சி காலேஜுக்கு 5,000, சீட்டு 5,000, அவன் செலவு 9,000. மிச்சம் 9,000. இஎம்ஐ 6,673. மாசம் 600 கி.மீ. ஓட்டறான், லிட்டருக்கு 30 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சா 2,000. சர்வீஸ், டயர், செயினுக்கு மாசம் 1,000 ஒதுக்கணும். கூட்டினா 9,673. மிச்சத்தை விட 673 அதிகம். இதுல அவன் வேலைக்குப் போறது கம்பெனி பஸ்ல! வாரத்துல ஆறு நாள் அந்த 196 கிலோ வண்டி சந்துல கவர் போட்டு நிக்கும். பிள்ளையார்பாளையம் சந்துகள் தெரிஞ்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், வண்டியைத் திருப்பறதே ஒரு அட்வெஞ்சர்.

“பெரிய வண்டி கனவுன்னா ஜிஎஸ் தான்ணா, இது அதுக்கு முதல் படி”ன்னு சொன்னான். சரி, அதையும் போட்டுப் பார்த்தோம், ஜாலிக்கு. பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ். 1980ல ஆர் 80 ஜிஎஸ்ஸா ஆரம்பிச்ச வம்சம். 2023ல மொத்தமா மாத்தி வடிவமைச்சாங்க: இன்ஜினுக்குப் பின்னாடி இருந்த கியர்பாக்ஸைக் கீழே கொண்டு போய், பழைய 1250ஐ விட 12 கிலோ குறைச்சு, 237 கிலோ, 145 குதிரைத்திறன். இந்தியாவுல 2024 ஜூன்ல வந்தப்ப விலை 20,95,000, ஷோரூம் விலை மட்டும், இப்ப 40 சதவீத ஜிஎஸ்டிக்கு முந்தின கணக்கு. சாலை வரி 2,51,400. பத்து லட்சத்துக்கு மேல உள்ள வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் வேற, 20,950. இது செலவு இல்லை, வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம், நிறைய பேர் கேட்டு வாங்காம விட்டுடறாங்க. 20 லட்சம் லோன், 11 சதவீதம், அஞ்சு வருஷம்னா இஎம்ஐ 43,485. தம்பி சம்பளத்துல 2,515 மிஞ்சும். சித்தி பக்கத்துல இருந்து கேட்டுட்டு, “அதுல பெட்ரோல் போட்டுக்கிட்டு வீட்டை விட்டே போயிடலாம்”னாங்க.

சிரிச்சு முடிச்ச பிறகுதான் சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார். அவர் இளவயசுல ஒரு முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கித் தறி போட்டார். அந்தக் காசு அடையற வரைக்கும் வேற இடத்துல கூலி அதிகம்னாலும் போக முடியாது. பக்கத்துத் தெருவுல நல்ல வேலை வந்தது, விட்டார். கோர்வைப் புடவைக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும், பார்டரைக் கோக்க ஒருத்தர், உடலை நெய்ய ஒருத்தர். அட்வான்ஸ்ல அவர் மட்டும் இல்லை, கூட உட்கார்ந்த சித்தியும்தான் கட்டுப்பட்டாங்க. “நீ வேலை மாறணும்னு ரெண்டு வருஷமா சொல்றியே, மாறும்போது நடுவுல ஒரு மாசம் சம்பளம் வராதே, அப்ப இதைக் கட்டுவியா?” அவ்வளவுதான் கேட்டார். பைக் வேண்டாம்னு சொல்லலை.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு, அதை நான் எடுத்து வெச்சேன். தம்பி ட்ரெய்னியா இருந்தப்ப இஎஸ்ஐ இருந்தது. சம்பளம் 21,000 தாண்டினதும் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், இவன் சம்பளத்துல அதுவும் இல்லை. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ்ல அவன் மட்டும்தான். ஆக, தறியை நிறுத்திட்டு முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு ஒரு ரூபாய் மருத்துவக் காப்பீடு இல்லை. இருக்கிற ஒரே காப்பீடு அந்த 1,20,000. அதைத்தான் டவுன் பேமென்ட்டும் ஜாக்கெட்டுமா மாத்தப் பார்த்தான்.

உங்களுக்கும் அப்பா அம்மா நெசவோ, கடையோ, விவசாயமோ பார்த்தவங்களா இருந்தா, பிஎஃப் பென்ஷன் எதுவும் இல்லாதவங்களா இருந்தா, நாளைக்கே ஹெச்ஆர்கிட்ட ஒண்ணு கேளுங்க: காசு கட்டி பெற்றோரை குரூப் பாலிசியில சேர்க்க முடியுமா? தனியா வாங்கினா ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. குரூப் பாலிசி பலதுல அது இருக்காது. ஆனா சேர்க்கிற தேதி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். தம்பி கம்பெனியில அது அடுத்த மாசம்.

பைக் என்னாச்சு? இப்ப முடிவு இதுதான். 1,20,000ஐத் தொடக் கூடாது. மாசம் 8,000 ஆர்டி, 18 மாசம். 6.5 சதவீதம்னு வெச்சா 1,51,000 பக்கம் வரும். குரூப் பாலிசிக்குப் பெற்றோர் ப்ரீமியம் வந்தா, அதை அவனோட 9,000 செலவுல இருந்து பிடிக்கிறதா ஒப்பந்தம். ஒரு வருஷத்துல லடாக் போகணும்னு தோணுச்சுன்னா லேவுல வண்டி வாடகைக்கு எடுக்கட்டும். ஒரு நாள் 2,000னு வெச்சாலும் பத்து நாளைக்கு 20,000, அஞ்சு வருஷ வட்டியில அஞ்சுல ஒரு பங்கு.

18 மாசம் கழிச்சு 450ஓ, பழைய 411ஓ, அவன் இஷ்டம். புது வடிவம் வந்துட்டா பழையது சந்தையில விலை இறங்கும், வாங்கறவனுக்கு அது நல்ல செய்தி. 2020க்குப் பிறகான பிஎஸ்6 411 ஒண்ணைப் போன ஞாயித்துக்கிழமை வாலாஜாபாத்ல போய்ப் பார்த்தோம், சும்மா விலை தெரிஞ்சுக்க. 1,40,000 சொன்னார். சாலை வரி ஆயுளுக்கும் கட்டியாச்சு, மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 2,804 பிளஸ் ஜிஎஸ்டி. வண்டி சுத்தமா இருந்தது. ஆர்சியைப் புரட்டிப் பார்த்தா கீழே ஒரு நிதி நிறுவனத்தோட பேர் அப்படியே இருக்கு. “லோன் எப்பவோ முடிஞ்சுது தம்பி”ன்னார். முடிஞ்சிருக்கலாம். ஆனா நிறுவனத்தோட என்ஓசியும், கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35ம் ஆர்டிஓவுல கொடுத்து அந்தப் பேரை எடுக்காம, 29, 30 ஃபார்ம்ல பேர் மாத்த முடியாது. அதை முடிச்சுட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்தோம். திரும்பி வர்ற வழியில தம்பி என் பழைய ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து, அந்த 411க்கு எந்த கலர் பெட்டி நல்லா இருக்கும்னு கேட்டுக்கிட்டே வந்தான்.